டச்சுக்கு இரண்டு, எஸ்பெராண்டோவுக்கு ஒன்று

எனக்கு டச்சு மொழி தெரியாது. எஸ்பெராண்டோவும் தெரியாது. இந்த இரண்டும் தெரியாமல் கோடிக்கணக்கான பேர் சுகமாக இருக்கிறார்கள். தெரியாத குற்றத்துக்காகப் போலீஸிடம் அகப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மலாயாவில் அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட சமயம். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். கெர்லிங்கில் ஒரு தோட்டத்துப் பெரிய கிராணியின் மகள் பாக்கியத்தைப் பெண் கேட்டிருந்தோம். தரகர் சும்மா இராமல், "மாப்பிள்ளைக்கு ஐரோப்பிய பாஷைகள் தண்ணீர் பட்ட பாடு" என்று அளந்துவிட்டார். (என் மேசையில் பேனா நண்பர் சங்கத்துப் புத்தகம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். வேறு ஆதாரம் கிடையாது.) மறுக்க வேண்டியவன் நான். மறுக்கவில்லை. படத்தில் பாக்கியம் அவ்வளவு லட்சணமாக இருந்தாள்.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் அவள் அப்பா ஏதாவது கேட்டுவிட்டால்? அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒவ்வொரு மொழிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு போட்டிருந்தார்கள். பாஷை படிக்க நேரமில்லை, குறியீட்டையாவது மனப்பாடம் பண்ணி வைப்போம் என்று உட்கார்ந்தேன். டச்சுக்கு இரண்டு: ஆங்கிலேயர் சொல்லும் பெயரை வைத்து டி-யூ-டி, அவர்களே சொல்லிக்கொள்ளும் பெயரை வைத்து என்-எல்-டி. எஸ்பெராண்டோ யாரோ ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை. நாடு கூடக் கிடையாது. அதற்கு இ-பி-ஓ, ஒன்றே ஒன்று. நாடும் ராணியும் உள்ள பாஷைக்கு எதற்கு இரண்டு? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பிடிபடாததை அப்படியே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கெர்லிங்குக்குச் சற்று முன்னால் சாலைத் தடுப்பு. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என்னிடம் அரிசி இல்லை. கடதாசிதான் இருந்தது. மலாய் சார்ஜண்ட் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"டி-யூ-டி, என்-எல்-டி இரண்டும் ஒன்றே. வெளியார் அழைப்பது ஒன்று, தங்களுக்குள் அழைப்பது ஒன்று. இ-பி-ஓ: நாடு கிடையாது. உலகமெங்கும் நண்பர்கள்."

வாசித்து முடித்து, "யார் இந்த இ-பி-ஓ?" என்றார்.

"ஆள் இல்லை, துவான். பாஷை."

"என்-எல்-டி?"

"அதுவும் பாஷை."

"டி-யூ-டி?"

"அதே பாஷைதான், துவான். அதுதான் எனக்கும் குழப்பம்."

அந்த நாளில் சந்தேகம் வந்தாலே போதும், விசாரணை இல்லாமல் உள்ளே போட்டுவிடுவார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். பாக்கியத்தின் அப்பா; எனக்குத் தரப் பழம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். என் படத்தைப் பார்த்திருந்ததால் என்னை அடையாளம் தெரிந்தது. காருக்குள் பாக்கியமும் இருந்தாள். "இவர் என் வீட்டுக்கு வாறவர், பல பாஷை படித்தவர்" என்று சார்ஜண்டிடம் மலாயில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, டச்சில ரெண்டு வசனம் சொல்லிக் காட்டும். விட்டிடுவினம்."

தெரியாது என்றால் பெண் போச்சு. தெரியும் என்றால் அடுத்த நிமிஷமே மானம் போச்சு.

"தெரியாது, ஐயா."

"எஸ்பெராண்டோ?"

"அதுவும் தெரியாது. அந்த மூன்று எழுத்து மட்டும்தான் தெரியும்."

"அப்ப என்னத்துக்கு இந்தக் கடதாசி?"

"உங்களுக்குச் சொல்லிக் காட்டத்தான்."

அவர் அதை மலாயில் சொன்னதும் சார்ஜண்ட் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார். "பயங்கரவாதிக்கு ஒரு பாஷையாவது தெரிந்திருக்கும். போ லா" என்று கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போம். தரகரை நான் பாத்துக்கொள்ளுறன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது காருக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"தெரியாதெண்டு வாயால சொன்னவரெல்லோ அப்பா. ஏறச் சொல்லுங்கோ."

ஏறினேன். பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கெர்லிங் போய்ச் சேர்ந்தேன்.

இன்றைக்கும் கார் இஞ்சின், பேரனின் கணக்கு, டாக்டர் எழுதின மருந்து என்று நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் பாக்கியம் நிமிர்ந்து பார்ப்பாள். "இது டச்சோ, எஸ்பெராண்டோவோ?" பேரப்பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டாள். ஒப்புக்கொண்டதும், "சரி, ஏறுங்கோ" என்பாள்.