ஊளைச் சத்தத்துக்கு ஏங்கியவர்

மாகாணத்து ஓபரா இயக்குநர் என்று ஓர் இனம் உண்டு. ஓபராவில் பாடுவதற்கு ஆள் இருக்கிறது, வாத்தியம் வாசிக்க ஆள் இருக்கிறது, கையில் குச்சியோடு நின்று அவர்களை மேய்க்க ஆள் இருக்கிறது. கதையையும் பாட்டையும் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டுச் செத்தும் போய்விட்டார். பிறகு இவர் எதற்கு என்று கேட்கிறீர்களா? மெதுவாகக் கேளுங்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் மனிதர் இருபத்தாறு வருடமாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஜூன் மாத வெயிலிலும் கழுத்தில் கறுப்புத் துண்டு சுற்றியிருக்கும். ஒத்திகையில் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, காலை ஆறாவது வரிசையில் போட்டிருப்பார். பாடகர்கள் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார், பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, "நல்லா இருந்துச்சு. ஆனா எனக்கு நம்பிக்கை வரல" என்பார். எதில் நம்பிக்கை வரவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

நம் ஊர் கஸ்தெல்மோராவுக்கு இந்த வருடம் வாய்த்தவர் ஒத்தோரினோ பெல்லகாம்பா. வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது சிற்றூர் அரங்குகளில் ஓபரா போட்டவர். முதல் நாள் நாற்பது கோஷ்டிப் பாடகர்களையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மேசையிலிருந்த அட்டை மேடை மாதிரியின் மேல் கிடந்த துணியை மெல்ல உருவினார். உள்ளே வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு ஃப்ரிட்ஜ்கள் நின்றன.

"இது காதல் கதை இல்லை" என்று ஆரம்பித்தார்.

எந்த ஓபராவானாலும் இவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். போன வருடம் பக்கத்து ஊரில் காதல் கதையாக இல்லாமல் போனது பல் வைத்தியசாலையில் நடந்தது. அதற்கு முந்தைய வருடம் விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில். இந்த முறை கதை என்னவென்றால், கிராமத்துப் பெண் ஒருத்தி படைக்குப் போன காதலனுக்காக அறுவடைக் களத்தில் காத்திருந்து காத்திருந்து, அவன் திரும்பி வருகிற அன்றைக்குச் செத்துப் போகிறாள். அழாமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

"இது உறைஞ்சுபோன மனுஷங்களோட கதை. எல்லாமே ஒரு ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையில நடக்குது" என்றார் பெல்லகாம்பா.

கோஷ்டியில் கீழ்க்குரல் பாடும் நெரேயோ கை தூக்கினான். கடைவீதியில் கறிக்கடை வைத்திருக்கிறவன். ஓபராக்காரர்களை இங்கே 'மாயெஸ்ட்ரோ', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாயெஸ்ட்ரோ, ஒரு சந்தேகம். கதிரெல்லாம் பொன்னா விளைஞ்சு கிடக்குன்னு பாடுறோமே. ஃப்ரிட்ஜ் கம்பெனியில ஏது கதிர்?"

"அது மனசுல விளைஞ்ச கதிர், நெரேயோ."

"அப்ப அரிவாள்?"

"அதுவும் மனசுலதான்."

"சரிங்க. நான் காலையில ஆறு மணிலேர்ந்து கறிக்கடை ஃப்ரிட்ஜுக்குள்ளதான் நிக்கிறேன். சாயங்காலமாவது வயக்காட்டுல நிக்கலாம்னு வந்தேன். விதி, மாயெஸ்ட்ரோ."

நாயகி ஃபுல்வியா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்த வேடத்தை இருபது வருடமாகப் பாடுகிறவள். பதினோரு இயக்குநர்களின் கையில் பதினோரு விதமாகச் செத்தவள். கடைசிப் பாட்டில் அவள் ஃப்ரிட்ஜின் உச்சியில் ஏறி, சபைக்கு முதுகைக் காட்டிப் படுத்து, தலையைத் தொங்கவிட்டபடி பாட வேண்டும் என்று பெல்லகாம்பா அரை மணி நேரம் விளக்கினார். ஃபுல்வியா கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அருமை, மாயெஸ்ட்ரோ!"

இங்கே ஒரு தொழில் ரகசியம். சண்டை போடுகிற பாடகி கடைசியில் சொன்னதைச் செய்துவிடுவாள். "அருமை" என்கிற பாடகி செய்யவே மாட்டாள். ஒத்திகையில் இடுப்பு வலி என்பாள், அடுத்த நாள் ஏணி ஆடுகிறது என்பாள், அதற்கடுத்த நாள் "காட்சி அன்னிக்குப் பாருங்க" என்பாள்; அன்றைக்கு நேரே மேடையின் முன்நடுவுக்கு வந்து, காலை அகட்டி நின்று, தொண்டை திறந்து பாடிவிட்டுப் போவாள். திரை இழுக்கிற ஆளுக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி பெல்லகாம்பாவுக்கு மட்டும் இருபத்தாறு வருடமாகத் தெரியாது.

அவருடைய கவலை வேறு. பெரிய நகரங்களில் எந்த இயக்குநரைப் பார்த்து முதல் நாள் சபை கோபத்தில் ஊளையிடுகிறதோ, அவர் பேர்தான் ஊரெல்லாம் அடிபடுகிறது; அவரை மறுநாளே மூன்று அரங்குகள் கூப்பிடுகின்றன. பெல்லகாம்பாவுக்கு இதுவரை ஒரு நல்ல ஊளை கிடைத்ததில்லை. கைதட்டலும் கிடைத்ததில்லை. முடிவில் அவர் கும்பிட வரும்போது ஜனங்கள் குனிந்து மேல்கோட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அது வலிக்கும். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வலி.

இந்த வருடம் ஒரு கடிதம் வந்திருந்தது. பெரிய நகரத்து ஓபரா அரங்கின் தலைவி ஒர்சோலா அம்மையார், ஞாயிறு மாலை முதல் காட்சிக்கு வருகிறார். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு கடிதம் வராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நம் ஊர் மேல்மாடத்துக்காரர்கள், அதாவது ஒவ்வொரு பாட்டையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஒரு சுரம் பிசகினால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் அந்தக் கிழட்டுப் பட்டாளம், அன்றைக்குக் கூரை பிய்ந்து போகிற மாதிரி ஊளையிட வேண்டும். அதற்காகத்தான் பன்னிரண்டு ஃப்ரிட்ஜ்.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. வெள்ளைத் தொழிலாளர் உடுப்பில் நாற்பது பேரும் மேடையில் நிற்கிறார்கள். காதலின் ரத்தத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு, இயந்திரத்தின் குளிருக்கு ஒரு நீல விளக்கு, மூன்றாம் அங்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் என்று பெல்லகாம்பா காகிதத்தில் எழுதியிருந்தார். அதுவரை தனித்தனியாகப் பார்த்திருந்த விளக்குகள் அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சந்தித்தன.

நெரேயோ தன் சட்டைக் கையைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். நாற்பது பேரும் தலை முதல் கால் வரை பளபளவென்று கத்தரிக்காய் நிறத்தில் நின்றார்கள்.

இந்த நாட்டு மேடையில் ஆகவே ஆகாத நிறம் அது. அந்த நிறத்தில் ரவிக்கை போட்டு வருகிற பார்வையாளரைக்கூட வாசலில் முறைப்பார்கள். பாட்டு பாதிச் சுரத்தில் நின்றது. இரும்பைத் தொட்டால் தோஷம் ஒட்டாது என்பது ஐதீகம்; நாற்பது பேரும் பக்கவாட்டிலிருந்த இரும்பு ஏணிக்கு ஓடினார்கள். வாத்தியக்காரர்களின் தலைவர் முன்னாலிருந்த இரும்புத் தாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூடநம்பிக்கைகளைக் கடந்தவன் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்த பெல்லகாம்பாவின் கை மட்டும் எங்கே? கால்சட்டைப் பையில், பதினைந்து வருடமாக எந்தப் பூட்டையும் திறக்காத ஒரு பழைய இரும்புச் சாவியின் மேல்.

மேடை நிர்வாகி எர்சிலியா வந்தாள். யாருக்கும் பயப்படாத பெண்.

"சிவப்பும் நீலமும் சேர்ந்தா என்ன ஆகும்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே, மாயெஸ்ட்ரோ!"

"விளக்கை மாத்திடலாம்..."

"விளக்கு மட்டுமா? அந்த வெளிச்சம் பட்ட துணியை இனிமே தொட மாட்டேங்கிறாங்க. நெரேயோ அவிழ்த்துப் போட்டுட்டு பனியனோட நிக்கிறான்."

"பொண்டாட்டி பிள்ளை இருக்கு எனக்கு" என்றான் நெரேயோ ஏணியைப் பிடித்தபடி.

"கிடங்குல முப்பது வருஷத்துப் பழைய குடியானவங்க உடுப்பு இருக்கு. வைக்கோல் தொப்பியும் இருக்கு. லைட்டு மஞ்சள் ஒண்ணுதான். சம்மதமா?"

"எர்சிலியா, அப்ப அதோட அர்த்தம்?"

"அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை மேடைக்கு ஆளு வரணுமா, வேண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை திரை விலகியது. மஞ்சள் வெளிச்சத்தில், பாவாடையும் கால்சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக நாற்பது பேர் நடமாட, அந்தப் பன்னிரண்டு ஃப்ரிட்ஜும் சுண்ணாம்பு அடித்த பன்னிரண்டு வீட்டுச் சுவர்களாக நின்றன. அறுவடைக் காலத்துக் கிராமம். குறையே சொல்ல முடியாது. நெரேயோ எங்கிருந்தோ நிஜ அரிவாள் ஒன்றும் கொண்டுவந்துவிட்டான். கடைசி வரிசையில் பெல்லகாம்பா கழுத்துத் துண்டின் குஞ்சங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் உச்சி இருக்கிறது, ஒரு முதுகு இருக்கிறது, தொங்குகிற தலை இருக்கிறது. ஒரு ஊளைக்கு அது போதாதா?

கடைசிப் பாட்டு வந்தது. ஃபுல்வியா ஃப்ரிட்ஜிடம் போனாள். பிறந்த வீட்டுச் சுவரைத் தடவுவது போல அதை ஒருமுறை தடவினாள். பிறகு நேரே மேடையின் முன்நடுவுக்கு வந்து, காலை அகட்டி நின்று, பாடினாள். மேல்மாடத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

கும்பிடப் போன பெல்லகாம்பா, ஊளைக்கென்றே வீட்டுக் கண்ணாடி முன் பழகிவைத்திருந்தபடி மோவாயை உயர்த்திக்கொண்டு நின்றார். கைதட்டல் இடியாக விழுந்தது. மேலேயிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "வாழ்க! எத்தனை வருஷத்துக்கு அப்புறம், ஒண்ணையும் கெடுக்காத ஒருத்தன்!"

பெல்லகாம்பாவின் கண்களில் நீர் முட்டியது. அவமானத்தால் என்று எர்சிலியா நினைத்தாள். இல்லை. இருபத்தாறு வருடத்தில் தனக்காகத் தட்டப்பட்ட முதல் கைகள் அவை. தான் செய்யாத காரியத்துக்கு என்று தெரிந்தும் அவருக்கு அது இனித்தது. முதல் முறை குனிந்தபோது கூசினார். இரண்டாம் முறை கூச்சம் குறைந்தது. மூன்றாம் முறை குனிந்து நிமிர்ந்தபோது எல்லாமே அவருடையதாகிவிட்டது.

ஒர்சோலா அம்மையார் மேடைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். "எங்க ஊர்ல எல்லாரும் இதைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையில வைக்கிறாங்க, ஆஸ்பத்திரியில வைக்கிறாங்க. வெறும் வெள்ளைச் சுவரு, மஞ்சள் வெயிலு! இந்தத் துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

நெரேயோ, ஃபுல்வியா, எர்சிலியா மூவரும் அங்கேதான் நின்றார்கள். பெல்லகாம்பா கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"முதல் நாளே இவங்ககிட்ட சொன்னேன். அட்டையைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். இது காதல் கதை."

நெரேயோ மெல்ல நகர்ந்துபோய் ஏணியைத் தொட்டுக்கொண்டான்.

"அருமை, மாயெஸ்ட்ரோ!" என்றாள் ஃபுல்வியா.

அடுத்த வருடம் பெரிய நகரத்தில் அவருடைய ஓபரா. ஒப்பந்தம் ஆகிவிட்டது. சலவை இயந்திரங்களுக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஓபராவும் தெரியாது, கழுத்தில் துண்டும் இல்லை. சரி. போன கல்யாணத்தில் பந்தல் எந்தப் பக்கம், பந்தி எத்தனை மணிக்கு என்று ஒருவர் விடாமல் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாம் நன்றாக முடிந்தது. "நான் முதல்லயே சொன்னேன்ல?" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். அப்போது "அருமைங்க!" என்று சொன்னது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அவர் கை அந்த நேரத்தில் ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததா?