ஏலக்காயோடு காய்ந்த கிட்டார்

மாலை நாலேகால். ராசிங்காபுரத்தில் பெண் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, ஜன்னலோரம் இருந்த பிளக் பாயிண்டை. பெண் பார்க்கப் போனவன் கக்கத்தில் டேப் ரிக்கார்டரை இடுக்கியிருந்தால் கண் அங்கேதான் போகும்.

எண்பதுகளின் நடுவில் போடிநாயக்கனூரிலேயே ராக் இசையைப் புரிந்து கேட்பவன் நான் ஒருவன்தான் என்பது என் கணிப்பு. (கணக்கெடுத்தவனும் நானே.) எனக்கு மச்சான் முறையான ராஜேந்திரன் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஒரு கேசட் பதிந்து கொடுத்தான். பெரிய கம்பெனி எதன் தயவும் இல்லாமல், நாலு வெளிநாட்டுப் பையன்கள் சொந்தக் காசில் போட்ட ஆல்பம். அவர்கள் குழுவின் பெயரைச் சொன்னால் அவர்கள் ஊரிலேயே யார் என்று கேட்பார்களாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதை நான் கேட்டதெல்லாம் மலைமேல், எங்கள் ஏலத்தோட்டத்தில். மழைக்காலத்தில் அங்கே செருப்பு முதல் பெல்ட் வரை எல்லாவற்றிலும் பூசணம் பிடிக்கும். அதற்கு மலைக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான். ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் அறையை ஸ்டோர் என்போம். நனைந்த கம்பளி, குடை, தீப்பெட்டி எல்லாம் அங்கேதான் காயும். நானும் என் கேசட்டை, சூடு ஓடும் தகரக் குழாய்க்கு மேலே ஒரு பலகையில் பத்திரப்படுத்தினேன்.

நாள் போகப் போக அந்த ஆல்பம் எனக்குப் புதிது புதிதாகத் திறந்துகொண்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் வரும் கிட்டார், முதலில் கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆடி மாதம் அது குழைந்தது. ஆவணியில் அழுதது. பாட்டு அதே பாட்டுதான், என் காதுதான் வளர்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். தோட்டத்துக் கங்காணியை உட்காரவைத்து விளக்கவும் செய்தேன். அவர் நல்ல மனிதர், கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

ராஜேந்திரனின் தங்கை மல்லிகாவைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பெண் கேட்டுப் போகும் நாளில், நான் வெறும் தோட்டக்காரன் அல்ல, ரசனை உள்ளவன் என்பதை அவள் அறிய வேண்டும் என்று நினைத்தேன். ரிக்கார்டர் ஜீப்பில் ஏறியது இப்படித்தான். அப்பா அதை ஒருமுறை பார்த்தார். என்னை இரண்டு முறை பார்த்தார்.

மல்லிகாவின் அப்பாவும் ஏலத்தோட்டக்காரர். காபி வந்ததும் மாமா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"போன ஏலத்துல ஒங்க காயி ஏன் மாப்ளே செவத்துக் கெடந்துச்சு?"

நல்ல காய் என்றால் பச்சை நிறம் மாறாமல் காய்ந்திருக்க வேண்டும். மழையால்தான் நிறம் போனது என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றும் சாக்கில் கேசட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. கையை உயர்த்திக் கூடத்தை அமைதியாக்கினேன். (கூடம் ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது.) கிட்டார் குழைந்தபோது, இது துயரம் தன் எலும்பை இழக்கிற இடம் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை ஜீப்பிலேயே தயார் செய்திருந்தேன்.

கதவோரம் நின்ற மல்லிகா கேட்டாள்: "அத்தான், இதை எங்க வச்சிருந்தீக?"

"ஸ்டோர்ல. குழாய்க்கு மேல," என்றேன் பெருமையாக.

"அதான். அண்ணன் வச்சிருக்க இசைத்தட்டுல இந்த எடம் நேராத்தான் போகும். சூட்டுல டேப்பு இழுத்துக்கிருச்சு."

இசைத்தட்டு அந்த வீட்டில்தான் இருந்தது என்பதை ராஜேந்திரன் என்னிடம் சொன்னதில்லை. அவள் உள்ளே போய் அதைப் போட்டாள். கிட்டார் ரயில் தண்டவாளம் போல நேராகப் போனது. அது முடிந்ததும், பாடப்போகிறவன் ஒரு மூச்சு இழுப்பது கேட்டது. என் ரசனை உச்சத்தில் இருந்த காலமெல்லாம் நான் கேட்டிராத மூச்சு.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப காயி செவக்கக் காரணம் மழை இல்ல. பாட்டு உருகுற அளவுக்கு வெறகு வச்சா, காயி எப்பிடி மாப்ளே பச்சையா வரும்?"

ஸ்டோருக்குப் பொறுப்பு நான் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த எடுப்புல ஒரு படி காயி கொண்டாங்க. பாத்துட்டுப் பேசுவோம்," என்று மாமா எழுந்துவிட்டார்.

திரும்பும்போது அப்பா ஜீப் டிரைவரிடம் மட்டும்தான் பேசினார். "வெரசாப் போப்பா. அடுத்த பக்கத்தையும் போட்டுறப் போறான்."

அடுத்த முறை காய் பறித்து உலர்த்திய அந்த எடுப்பு முழுக்க நான் ஸ்டோரை விட்டு நகரவில்லை. சூடு கூடினால் விறகை இழுப்பேன், குறைந்தால் தள்ளுவேன். கேசட் வெளியே ஜன்னல் திட்டில் பூசணம் பிடித்துக் கிடந்தது. காய்ந்த காயை ராசிங்காபுரம் கொண்டுபோனேன். மாமா ஒரு பிடியை ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். ஒன்றைக் கடித்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஆத்தா மல்லிகா, மாப்ளைக்குக் காபி கொண்டா," என்றார்.

இப்போதும் நான் ஒரு படத்தையோ பாட்டையோ நீட்டி விளக்க ஆரம்பித்தால் என் மகள், "அப்பா, இது நேராப் போறதா, ஸ்டோர்ல வச்சதா?" என்பாள். இசைத்தட்டு மல்லிகாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த மூச்சு வரும் இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

கேசட் மல்லிகாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.