பெயிண்ட் காயும்வரை

வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது மனிதனுக்கு நல்லது. நேரம் மிச்சம், செருப்பு மிச்சம், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கு ஒரு காரணமும் குறையும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லாத ஒரு விஷயத்தை அப்படியே விட்டுவைக்க முடியுமா? எடை அளவைத் துறையின் இயக்குநர் அதற்கு ஒரு திட்டம் போட்டார்.

அவர் அப்போதுதான் ஒரு மூன்று நாள் கருத்தரங்கிலிருந்து திரும்பியிருந்தார். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, 'நடந்து வேலைக்கு வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வேலை செய்கிறார்கள்' என்று மேடையில் யாரோ சொன்னபோது, அரங்கில் அவர் ஒருவர்தான் விழித்திருந்தார். வந்ததும் சுற்றறிக்கை பறந்தது. 'அருகாமை நல்வாழ்வுத் திட்டத்தின்படி ஊழியர் ஒவ்வொருவரும் அலுவலகத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருத்தல் வேண்டும். அதற்கான அருகாமைச் சான்றினைத் தொண்ணூறு நாட்களுக்குள் பெறுதல் வேண்டும். தவறுவோர் முந்தைய பணியிடத்துக்கே திருப்பி அனுப்பப்படுவர்.' சான்று பெற்றவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள 'நான் நடந்து வருபவன்' என்று எழுதிய பச்சை வில்லையும், நடக்கிற அடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்றும் உண்டு.

இந்தச் சுற்றறிக்கையின் பசை காய்வதற்குள் பெருநகரத்தில் வந்து இறங்கியவர் தராசுக்காரர்.

அவர் வேலை கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது. தட்டில் ஈ உட்கார்ந்தால் அது பறக்கும்வரை காத்திருப்பார்; விரட்டினால் தட்டு ஆடும். பத்தொன்பது வருடம் இப்படி ஊர் ஊராகச் சுற்றியதில், மாதத்தில் இருபத்தைந்து நாள் எங்கேயோ ஒரு விடுதி அறையில் கழியும். மனைவியும் ஆறு வயது மகளும் மனைவியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். மகள் அவரைப் பார்த்ததும் முதலில் மாமா முகத்தைப் பார்ப்பாள், கிட்டே போகலாமா என்று. இப்போது கிடைத்திருப்பது உட்கார்ந்து பார்க்கிற வேலை. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். சான்று கிடைக்காவிட்டால் மறுபடி ஊர்சுற்றல்தான்.

போனில் மனைவி சொன்னாள்: "அண்ணி இன்னைக்கு வாளியை எண்ணினாங்க."

"எந்த வாளி?"

"நானும் குட்டியும் குளிக்கிற தண்ணி. நாலு வாளியாம். சத்தமா எண்ணினாங்க."

"வீடு பார்த்துட்டிருக்கேன்."

"ஆறு வருஷமா பார்த்துட்டுதான் இருக்கீங்க. இப்ப எடுத்துடுங்க."

வீட்டுத் தரகர் ஒருவர் கிடைத்தார். தேன் ஒழுகப் பேசுகிற மனிதர்.

"இது பாருங்க சார், உங்க ஆபீசுக்குப் பத்தே நிமிஷம்."

"எதுல போனா?"

"ரோட்ல யாருமே இல்லன்னா."

அடுத்து 'பசுஞ்சோலைப் பகுதி' என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். சோலை, வீட்டுக்காரர் மாடியில் ஒரு தொட்டியில் இருந்தது. அதற்கு நாங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று தராசுக்காரர் கேட்டார். அதைப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் வாடகை என்றார் தரகர்.

கடைசியில் தராசுக்காரரே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். அலுவலகத்தில் எல்லாரும் நுழைகிற வாசலுக்கு நேர் எதிரே, சந்தைத் தெருவில், மாடியில் இரண்டு அறை. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய நாற்காலியே தெரிந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, செருப்பில்லாமல் ஒரு தடவை அளந்து பார்த்தார். அறுபத்து நான்கு அடி. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டு, சான்றுக்கு விண்ணப்பித்தார்.

தூரம் அளக்கச் சக்கரக்காரர் வந்தார். நீளமான கம்பி, அதன் முனையில் ஒரு சக்கரம், நடுவில் எண் ஓடும் ஒரு பெட்டி. இருவரும் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார்கள்.

"இதான் சார் வீடு."

"தெரியுது. நான் இன்னும் ஆரம்பிக்கல" என்று சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

தராசுக்காரரும் கூடவே போனார். அலுவலகத்தின் ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கால்வாய். பாலம் இருக்கும் இடம்வரை போய், ஏறி இறங்கி, கட்டிடத்தின் அந்தப் பக்கத்துப் பெரிய சாலைக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கே இரண்டு ஆள் உயரத்துக்குப் பச்சை நிறத்தில் ஓர் இரும்புக் கதவு. சாத்தியிருந்தது. அதில் ஒரு பலகை: 'ஈர வண்ணப்பூச்சு. தொடாதீர்.' சக்கரக்காரர் கதவில் பட்டுவிடாமல் ஒரு சாண் தள்ளிச் சக்கரத்தை வைத்தார். எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

"இப்ப ஆரம்பிக்கலாம்" என்று வந்த வழியே திரும்பினார்.

ஆறு கிலோமீட்டர், இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகில்லை. அதைத் தராசுக்காரராலும் மறுக்க முடியவில்லை.

சான்றிதழ்ப் பிரிவின் தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இவ்வளவு தூரத்துல வீடு எடுத்திருக்கீங்களே, தினமும் எப்படி சார் வருவீங்க?"

"அறுபத்து நாலு அடி சார். ஜன்னல் வழியா பாருங்க, அதோ, கொடியில என் துண்டு காயுது."

"துண்டு காயலாம். வாசல் காயணுமே."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். துறையின் ஒரே வாசல் முன்வாசல். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று அதற்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெரிய மனிதர் வரவில்லை. 'வண்ணம் காயும்வரை முன்வாசலைப் பயன்படுத்தலாகாது. அதுவரை ஊழியர்கள் சரக்கு வழியாக வந்து செல்லலாம்' என்று ஓர் ஆணை வந்தது. வண்ணம் காய்ந்துவிட்டது என்று இன்னொரு ஆணை வரவில்லை.

"தொட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே சார்?"

"தொடக்கூடாதுன்னு போட்டிருக்கே."

"அப்ப நாம எல்லாரும் வர்ற வாசல்?"

"அது வாசல் இல்ல. சரக்கு வழி."

தராசுக்காரர் கீழே போய்க் காவலாளியின் மேசையில் தினமும் தான் கையெழுத்துப் போடும் பதிவேட்டை முதல்முறையாகப் படித்துப் பார்த்தார். அட்டையில் 'சரக்கு உள்வரவு' என்று இருந்தது. உள்ளே தேதிவாரியாக அவர் இருந்தார். 'சரக்கு: ஒன்று. நிலை: நல்லது.'

"நிலையை யாருங்க முடிவு பண்றது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் காவலாளி. "ஒருநாள் உங்களுக்கு ஜலதோஷம். இருந்தும் நல்லதுன்னுதான் போட்டேன். உடைசல்னு போட்டா திருப்பி அனுப்பணும்."

தொண்ணூறு நாளில் எழுபது கழிந்திருந்தது. தராசுக்காரர் முன்பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, பெரிய சாலைப் பக்கம் ஒரே ஓர் அறை எடுத்தார். கட்டில் போட்டால் கதவு திறக்காது. வாடகை இரண்டு மடங்கு. பச்சைக் கதவிலிருந்து தொண்ணூறு அடி. சான்று மறுநாளே வந்தது, வில்லையோடும் கைப்பட்டையோடும்.

அந்தப் பகுதி முழுவதும் துறைக்காரர்கள்தான். தினமும் காலை ஏழரைக்கு எல்லாரும் நல்ல காலணி போட்டுக்கொண்டு, பச்சைக் கதவைக் கடந்து, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். நடந்து வருபவர்களின் வசதிக்காகத் துறையே மூன்று பஸ் விட்டிருந்தது. பாலத்தில் நெரிசல், போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளைக்கு ஐயாயிரம் அடி காட்ட வேண்டும் என்பதால் பஸ்ஸில் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ வழியனுப்புகிற மாதிரி இருக்கும். சிலர் பதிலுக்குக் கையசைத்தார்கள். இயக்குநர் மாதாந்தரக் கூட்டத்தில், "உங்கள் முகங்களில் ஒரு பொலிவு தெரிகிறது" என்றார். வேர்வைதான்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் எழும்போது அப்பா கிளம்பியிருப்பார். அப்பா வரும்போது மகள் தூங்கியிருப்பாள். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாகச் சான்று இருந்தது.

பதினோராம் நாள் தராசுக்காரர் சாப்பாட்டு அடுக்கை மறந்துவிட்டுப் போனார். மதியம் மணி ஒன்று. தலையைக் குனிந்து ஒரு கடைக்காரரின் எடைக்கல்லைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் அடுக்கு வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தார். மனைவி.

"எப்படி வந்தே?"

"நடந்து."

"பாலம் சுத்தியா?"

"எந்தப் பாலம்? வீட்டுக்கு எதிர்ல கதவு இருந்துது. தள்ளினேன்."

கூடம் முழுக்க எழுதுகிற சத்தம் நின்றுபோனது. யாரோ ஒருவர் பேனாவைக் கீழே போட்டார். காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்மா, அது ஈரம்!"

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் துரு இருந்தது. அவ்வளவுதான்.

"பதினோரு வருஷமா காயாத பெயிண்டை எந்தக் கடையில வாங்கினீங்க? எங்க அண்ணி வாயிலயும் ரெண்டு கோட்டு அடிக்கணும்" என்றாள். பிறகு கணவனைப் பார்த்து, "என்னங்க, நாளையிலிருந்து மதியம் வீட்டுக்கே வந்துடுங்க. குட்டி ஸ்கூல் விட்டு வந்திருப்பா. தொண்ணூறு அடி."

பத்தொன்பது வருடத்தில் யாரும் அவருக்கு இப்படி ஒரு சரியான அளவைச் சொன்னதில்லை.

மாலை நான்கு மணிக்கு அவசரக் கூட்டம். எல்லாருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சான்றிதழ்ப் பிரிவின் தலைவர் எழுந்து நிற்கும்வரை.

"காய்ஞ்சிருக்குன்னே வச்சுக்குவோம். எப்ப காய்ஞ்சது?"

"மறுநாளே காய்ஞ்சிருக்கும் சார்" என்றார் சக்கரக்காரர், வெள்ளந்தியாக.

"நல்லது. ஆணை என்ன சொல்லுது? காயும்வரைதான் சரக்கு வழி. காய்ஞ்ச பிறகு முன்வாசல் வழியா வராதவன் வேலைக்கு வராதவன். அப்படின்னா பதினோரு வருஷமா நாம யாருமே வேலைக்கு வரல."

கூட்டத்தில் சிலர் விரல் விட்டு வருடங்களை எண்ண ஆரம்பித்தார்கள்.

"சம்பளத்தைத் திருப்பிக் கட்டணும். புதுசா வந்தவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல" என்று தராசுக்காரர் பக்கம் பரிவோடு திரும்பினார். "அவங்களை வந்த இடத்துக்கே அனுப்பிடுவாங்க."

உடனே ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. 'முன்வாசலின் வண்ணப்பூச்சு இன்றளவும் ஈரமாகவே உள்ளது என இதன்மூலம் உறுதியளிக்கிறோம்.' நூற்று நாற்பத்து இரண்டு கையெழுத்து விழுந்து, கடைசியாகத் தராசுக்காரரிடம் வந்தது.

"என் மனைவி தொட்டுப் பார்த்தா சார்."

"உங்க மனைவி துறை ஊழியரா?"

"இல்ல."

"நீங்க தொட்டீங்களா?"

"இல்ல."

"தொடாம எப்படி சார் காய்ஞ்சதுன்னு சொல்வீங்க? எடை போடாம முத்திரை போடுவீங்களா?"

ஒரு கடுகு அளவு குறைந்ததற்காகக் கடைகளைச் சாத்தியவர், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கியிருந்தாள். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எத்தனாவது கையெழுத்து?"

"நூத்தி நாப்பத்து மூணு."

"நீங்க போடலைன்னா?"

"நூத்தி நாப்பத்து ரெண்டா இருந்திருக்கும். நாம மறுபடி உங்க அண்ணன் வீட்ல இருந்திருப்போம்."

அவள் மகளின் போர்வையைச் சரிசெய்தாள். "சரி, படுங்க. காலையில நடந்து போகணுமில்ல" என்றாள்.

துறை உண்மைக்கு மாறான சான்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் துறை அல்ல. நூற்று நாற்பத்து மூன்று பேர் ஈரம் என்று உறுதியளித்தபின் கதவு காய்ந்து கிடப்பது முறையல்ல என்று இயக்குநர் கருதினார். ஆகவே வாரந்தோறும் ஞாயிறு மாலை முன்வாசலுக்குப் புதிதாக ஒரு பூச்சு அடிக்க ஆணை பிறந்தது. முதல் பூச்சு அந்த ஞாயிறே விழுந்தது. சாலை முழுக்க வாசனை.

திங்கள் காலை தராசுக்காரர் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பினார். தெருவில் யாரும் இல்லை. தொண்ணூறு அடி நடந்து கதவுக்கு முன் நின்றார். பலகையைப் படித்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பலகை உண்மை சொன்னது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கதவு முனகாமல் திறந்துகொண்டது. நீளமான கூடம், மறுகோடியில், வெளிச்சம் விழும் இடத்தில், அவருடைய நாற்காலி. திரும்பினால் பின்னால் தன் வீட்டு வாசல். மகள் இன்னும் எழுந்திருக்க மாட்டாள்.

பஸ் ஹாரன் அடித்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினார்.

பஸ்ஸில் அன்றைக்கு யாரும் கையை ஆட்டவில்லை. எல்லாரும் ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அல்லது செய்தித்தாளுக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாலத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. விழாமலிருக்க அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே கம்பியைப் பிடித்தார்கள்.

சக்கரக்காரரின் உள்ளங்கை பச்சை. சான்றிதழ்ப் பிரிவின் தலைவர் உள்ளங்கை பச்சை. கம்பி நெடுக வரிசையாகப் பச்சைக் கைகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. "இன்னைக்கு நெரிசல் ஜாஸ்தி" என்றார் ஒருவர். "ஆமாமா" என்றார்கள் எல்லாரும்.

சரக்கு வழியில் காவலாளி பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். பூச்சு ஆணையின் நகல், அன்று காலை இயக்குநர் கையெழுத்திட்டது, அதில் ஒட்டப்பட்டிருந்தது. இயக்குநரின் கையெழுத்துக்குக் கீழே, தெளிவாக, பச்சையில் ஒரு பெருவிரல் தடம். காவலாளி தராசுக்காரரின் கையைப் பார்த்தார். தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, இடது கையால் சிரமப்பட்டு எழுதினார்:

'சரக்கு: ஒன்று. நிலை: நல்லது. லேசாகச் சாயம் ஒட்டியுள்ளது.'

தராசுக்காரர் படித்துப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.