முழு வருகைக்காரரின் முதுகுவலி

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம்; என் முதுகுகூடக் கொஞ்சம் தேவலை. தங்கள் வீட்டிலும் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன்.

இயலாதோர் உதவித்தொகை நின்றுவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கள் மாடி அறைக்கே வந்துவிடுவோம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பயப்படாதீர்கள், வரவில்லை. கட்டிவைத்த மூட்டைகளைத் தங்கள் தங்கை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்ததைக் கேளுங்கள். பெட்டித் தொழிற்சாலையில் அட்டைக்கட்டைத் தூக்கி நான் படுத்த படுக்கையாகி எட்டு மாதம் ஆகிறதல்லவா? முதலாளி நல்ல மனிதர், வேலைக்கு வராதவனுக்கும் பாதிச் சம்பளத்தை மாதாமாதம் அனுப்பினார், அதுவே வினையாயிற்று. ‘தாங்கள் பணியில் இருப்பதால் உதவித்தொகையை ஏன் நிறுத்தக் கூடாது?’ என்று அரசு அலுவலகத்திலிருந்து கடிதம். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தங்கள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு போனால், அங்கிருந்த அதிகாரியம்மா, “ஆறு மாசமா ஒரு நாள்கூட லீவு போடலையே, சார்! சம்பளப் பட்டியல்ல முழு வருகை ஊக்கத்தொகைன்னு இருக்கே?” என்கிறார். “அம்மா, நான் கட்டிலை விட்டு இறங்குறதே அதிசயம்” என்றேன். “எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க” என்றார்.

விசாரித்தால், எல்லாம் எங்கள் கணக்கர் செய்த உபகாரம். நோயாளிக்குப் பணம் கொடுக்கக் கம்ப்யூட்டரில் இடமே இல்லையாம். “எதுலயாவது போட்டாத்தானே பணம் வெளியே வரும்? முழு வருகைங்கிற கட்டம் காலியா கிடந்துச்சு, போட்டேன்” என்கிறார். காலியாகத்தானே கிடக்கும், எங்கள் தொழிற்சாலையில் எவன் முழு வருகை தந்தான்? அத்தோடு விட்டதா சனியன்? அந்தக் கம்ப்யூட்டர் என்னையே ‘ஆண்டின் தவறாத தொழிலாளி’யாகத் தேர்ந்தெடுக்க, என் படத்தை வாசலில் மாட்டிவிட்டார்கள். கூட வேலை செய்பவர்கள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் நேற்று முதலாளியே நேரில் வந்து, இது வேலைக்கான கூலி அல்ல, உடம்பு முடியாதவனுக்குத் தரும் உதவி என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரியம்மா இரண்டு முறை படித்துவிட்டு, “இதை முதல்லயே சொல்லக் கூடாதா? வேலை செஞ்சு வாங்கினாத்தான் எங்களுக்குக் கணக்கு. படுத்திருக்கிறவருக்கு முதலாளி கொடுக்கிறது இதுல சேராது. ரெண்டையும் வாங்கிக்கலாம்” என்றார். மச்சான், எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. “இங்க அழாதீங்க, அதையும் ஏதாவது எழுதிக்கப் போறாங்க” என்று தங்கள் தங்கைதான் அதட்டி அழைத்துவந்தாள். நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினோம்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
இனி யாருக்கும் பாரமில்லாத
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டாக்டர் ஃபோன் செய்தார். முதுகு முழுக்கச் சரியாகிவிட்டதாம், திங்கட்கிழமையே வேலைக்குப் போகலாமாம். ஆக, இரண்டு பணமும் நின்றது. தங்கள் தங்கை சந்தோஷத்தில் அழுகிறாள். எட்டு மாதமாக நானும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினேன், மச்சான். ஒரே ஒரு மாதம் பொறுத்து வந்திருக்கலாம்.