ஜொவிட்டா கல்யாண ஃபோட்டோ ஏன் இன்னும் வரவில்லை என்றால்

சாந்தோம், சென்னை - 4
ஜூன், 1998

அன்புத் தம்பி டெரிக்கிற்கு,

அக்கா அல்போன்சா எழுதுவது. நானும் உன் மாமா காஸ்பரும் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்று அம்மா நம்மைப் பழக்கியிருக்கிறாள். ஆகவே எழுதிவிட்டேன். அதில் எவ்வளவு உண்மை என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். தோஹா வெயிலையும் உன் மூட்டுவலியையும் நான் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள், ஏனென்றால் எனக்குக் கை துடிக்கிறது, விஷயத்துக்கு வர வேண்டும்.

போன வாரம் ஃபோனில் நீ கோபப்பட்டாய். "சொந்த அக்கா பொண்ணு கல்யாணம். லீவுதான் கெடைக்கல, ஒரு ஃபோட்டோவாவது அனுப்பக் கூடாதா?" என்று கேட்டாய். உன் மாமா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் "ஸ்டூடியோக்காரன் இன்னும் தரல" என்று சொல்லி வைத்தேன். அது பொய். ஆல்பம் வந்து, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் படுத்திருக்கிறது. ஏன் படுத்திருக்கிறது என்றால், அதற்கு முழுக் காரணம் உன் மாமா, முக்கால் காரணம் நீ. கணக்கு உதைக்கிறது என்று நினைக்காதே, பாவத்தில் பங்கு போட்டால் இப்படித்தான் கூடுதலாக வரும்.

ஜொவிட்டா தவணையில் வாங்கிய கம்ப்யூட்டருக்குத் துணையாக இருக்கட்டும் என்று நீ ஆள் மூலம் ஒரு பிரின்டர் அனுப்பினாய் அல்லவா, அதற்குள் ஒரு மை டப்பாவும் இருந்தது. கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள். அந்த மை தீரும்வரை உன் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. ரிடையர் ஆன நாளிலிருந்து கையில் வேலை இல்லாமல் இருந்த மனிதர், திடீரென்று பத்திரிகை முதலாளி ஆகிவிட்டார். என் சமையலறை டப்பாக்களில் 'துவரம்பருப்பு', 'கடலைப்பருப்பு' என்று மூன்று கலரில் பெயர் ஒட்டினார், எனக்கு என்னமோ இத்தனை வருஷமாகப் பருப்பு அடையாளம் தெரியாமல் இருந்த மாதிரி. நாயே இல்லாத வீட்டுக்கு 'நாய் ஜாக்கிரதை' அடித்தார். கீழ் வீட்டு வஜீஹாவுக்குத் தண்ணீர் மோட்டார் போடும் நேரம் பற்றி ஓர் அறிவிப்பு, அதன் கீழே 'ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட்' என்று தன் பதவி. இப்படியே மை தீர்ந்தது. புது மை வாங்க மவுன்ட் ரோடுக்குப் போனவர், சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி திரும்பி வந்தார்.

"அல்போன்ஸ், அந்த மையி இன்னா வெல சொல்றான் தெரியுமா? நாலு டப்பா வாங்கற காசுல இன்னொரு பிரின்டரே வாங்கிடலாம். உன் தம்பி நமக்குப் பரிசு அனுப்பல, தண்டனை அனுப்பியிருக்கான்."

இது உன்னைப் பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் மரியாதையான பகுதி.

அங்கேயே விட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் மாம்பலம் ஸ்டேஷனில் யாரோ சொன்னார்கள் என்று தி.நகரில் ஒரு சந்துக்குள் போய் சந்திரமௌலி என்று ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். காலி டப்பாவுக்குள் மறுபடி மை ஊற்றித் தருவது அவருடைய தொழில். நானும் ஒருமுறை கூடப் போனேன். நெற்றியில் சந்தனம், மேஜையில் வெள்ளரிப்பிஞ்சு, பேச்சில் தேன். "ஒரிஜினல்னு ஒண்ணுமே கெடையாது சார். அதுக்குள்ள இருக்கறதும் மைதான், இதுவும் மைதான். டப்பா மேல பேரு போட்டிருக்கான் பாருங்கோ, அந்தப் பேருக்குத்தான் நீங்க பணம் குடுக்கறேள்" என்றார். உன் மாமா அப்படியே உருகிவிட்டார். வாழ்நாளெல்லாம் தான் சொல்ல நினைத்ததை வேறொருவர் வாயால் கேட்ட முகம். மை புட்டிகளும் ஊசியுமாக ஒரு பையே வாங்கிக்கொண்டு, இனிமேல் வீட்டிலேயே ஊற்றிக்கொள்கிறேன் என்று புறப்பட்டுவிட்டார்.

அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேஜை ஆஸ்பத்திரி ஆனது. டப்பாவின் தலையில் ஓட்டை போட்டு, ஊசியில் மை ஏற்றி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினார். உள்ளே போனது கொஞ்சம். மீதி மேஜைவிரிப்பு, ஃபிரிட்ஜ் கதவு, என் வஞ்சிர மீன் வறுவல். அடைத்துக்கொண்ட டப்பாவை வெந்நீரில் ஊற வைக்க வேண்டுமாம், அதற்கு என் பால் சட்டிதான் கிடைத்தது. நான் கத்தினால், "விஷயம் தெரியாம பேசாத" என்கிறார். சோதனைக்கு முதலில் அடித்தது மாதா படம். மாதா நீல அங்கிக்குப் பதிலாகக் கத்திரிக்காய் நிறத்தில் வந்தார். உன் மாமா அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாயங்கால வெளிச்சம்" என்றார்.

இந்த நிலையில்தான் ஜொவிட்டா கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கிளமென்ட் தங்கமான பையன். அவன் அம்மா ஹில்டா, அசோக் நகர்க்காரி, அவளும் தங்கம்தான், ஆனால் உரசிப் பார்க்கிற வகைத் தங்கம். பந்தியில் அப்பளம் உடைந்திருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட சம்பந்தியை வைத்துக்கொண்டு, கல்யாணப் பூசைக்குப் பாட்டு, ஜெபம், மணமக்கள் வாக்குறுதி எல்லாம் வரிசையாக அச்சிட்டு, கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போமே, அந்தப் புத்தகத்தைத் தானே வீட்டில் அடிக்கப் போவதாக உன் மாமா அறிவித்தார். அச்சகத்தில் விலை கேட்டுவிட்டு வந்த கையோடு அறிவித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்.

ஜொவிட்டா கெஞ்சினாள். "டாடி, வேணாம் டாடி. ப்ளீஸ். பிரஸ்ல குடுத்துடலாம். என் சம்பளத்துல நான் குடுக்கறேன்." அவர் கேட்கவில்லை. அவள் ஒரு பக்கத்தை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, தன் பெயர் மேலேயே ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். ஜொவிட்டா காணாமல் போய் ஒரு நீலக் கோடு மட்டும் நின்றது.

"பாத்தீங்களா?"

"கோயில்ல எவன் எச்சி தொட்டுத் தேய்க்கப் போறான்?" என்றார் உன் மாமா.

யாரும் எச்சில் தொட்டுத் தேய்க்கவில்லை, டெரிக். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. கல்யாணம் அக்கினி நட்சத்திரத்தில். வருகைப் பாட்டு முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி எல்லாம் நின்றது. கோயில் நிறைய ஜனம், எல்லோரும் கோட்டும் பட்டும். காற்றுக்கு என்ன செய்வார்கள்? கையில் இருந்த புத்தகத்தால் விசிறினார்கள். வேர்த்த கையால் பிடித்து விசிறினார்கள். விசிறிய கையாலேயே முகத்தைத் துடைத்தார்கள். சந்திரமௌலியின் மைக்குக் காகிதத்தில் தங்க விருப்பமே கிடையாது, கொஞ்சம் ஈரமாக ஒரு கை கிடைத்தால் அங்கே குடியேறிவிடும். முதல் வாசகம் வாசிக்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவருக்கு மீசை முளைத்திருந்தது. அவர் பக்கத்தில் அவர் மனைவிக்கும் முளைத்திருந்தது. பாடகர் குழுவில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் நெஞ்சில் கை வைத்துப் பாடியிருப்பார்கள் போல, ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு கை. நான் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, கரண்டைக் கொடு ஆண்டவரே என்று வேண்டினேன். பிறகு யோசித்துப் பார்த்து, வேண்டாம், இருட்டாகவே இருக்கட்டும் என்று மாற்றி வேண்டினேன்.

வாக்குறுதி நேரம் வந்தது. கிளமென்ட் கூச்ச சுபாவம், மனப்பாடம் செய்திருந்தும் பயத்தில் மறந்துவிட்டான். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து வாசித்தான். "ஜொவிட்டா, உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன். இன்பத்திலும்..." என்று சொல்லி நிறுத்தினான். அதற்கு அடுத்த வார்த்தை அவன் கட்டைவிரலுக்குப் போய்விட்டிருந்தது. ஃபாதர் முன்னால் குனிந்தார். அவர் கையிலிருந்ததும் உன் மாமா அடித்த புத்தகம்தான், அதில் அந்தப் பக்கம் முழுவதுமே குளமாகியிருந்தது. கிளமென்ட் மறுபடி "இன்பத்திலும்..." என்றான். ஹில்டா முன்வரிசையில் நெளிந்தாள். மைக் வேலை செய்யாத அந்த அமைதியில் என் மகள், தலையைக் குனிந்தபடியே, கணீரென்று எடுத்துக்கொடுத்தாள்: "துன்பத்திலும்."

கடைசி வரிசைவரை கேட்டது. அவனும் "துன்பத்திலும்" என்றான். எவனோ சிரித்தான். அப்புறம் கோயிலே சிரித்தது. ஹில்டா மட்டும் சிரிக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஃபாதர் என்னைப் பார்த்தார். அவர் வெள்ளை அங்கியில் நான்கு விரல். "அல்போன்சாம்மா, நெத்தியில சாம்பல் பூசற விபூதிப் புதனை மே மாசத்துல இப்பதான் பாக்கறேன்" என்றார். அதற்குள் உன் மாமா, பெண்ணைக் கட்டிக்கொடுத்த சந்தோஷத்தில், வாசலில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். தப்பியவர்களையும் அவர் தப்பவிடவில்லை. ஹில்டாவின் சந்தனக் கலர் பட்டில் தோள்பட்டைப் பக்கம் ஒரு முழு உள்ளங்கை, ரேகை தெரிகிற அளவுக்கு. அது யார் கை என்று ஜோசியம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அவள் தோளைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன் சம்பந்தி, எங்க வீட்டு மனுஷங்களை எல்லாம் மை பூசித்தான் அனுப்பணும்னு ஏதாவது வேண்டுதலா? ஒரு புஸ்தகம் அடிக்கக் கையில காசு இல்லைன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். சத்தமாகச் சொன்னாள். அவர்கள் பக்கத்து ஜனம் எல்லாம் கேட்டது. சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். ஹாலுக்கு வர மாட்டேன், விருந்து வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே பிடி.

டெரிக், எனக்கு உயிரே போய்விட்டது. ஜொவிட்டா முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் மை, அதன் மேல் கண்ணீர் வழிந்து வழி போட்டிருந்தது. உன் மாமாவைத் தேடினேன். கல்லறைப் பக்கத்துக் குழாயடியில் நின்று, யாரிடமோ வாங்கிய எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். திட்டத்தான் போனேன். அவர் திரும்பாமலே, "என் பொண்ணு கல்யாணத்துல என் கையால ஒண்ணு செய்யணும்னு நெனச்சேன் அல்போன்ஸ்" என்றார். அது முழு உண்மையா, அச்சகத்து விலைக்குப் பிறகு பிறந்த உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் கை துடைக்க என் முந்தானையைக் கொடுத்தேன். அதுவும் போயிற்று.

காப்பாற்றியது மாப்பிள்ளைதான். கார் பக்கத்தில் போய்க் கதவைத் திறந்து, அம்மாவுக்கு முன்னால் கட்டைவிரலை நீட்டினான். பிப்ரவரியில் தேர்தல் நடந்ததே, விரலில் வைத்த மையே அப்போதுதான் எல்லோருக்கும் நகத்தைவிட்டுப் போயிருந்தது.

"மம்மி, இங்க பாரு. ஓட்டுப் போட்டாச்சு. மையும் வெச்சாச்சு. இனிமே மாத்த முடியாது. எறங்கு, பிரியாணி ஆறிடும்."

ஹில்டா அவன் விரலைப் பார்த்தாள். அப்புறம் கார்க் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தாள், அதன் நுனியிலும் ஒரு பொட்டு இருந்தது. அது வரைக்கும் அவளுக்குத் தெரியாது. முதலில் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்துப் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, உன் மாமாவிடம் மட்டும் மூன்று முழம் தள்ளியே நின்று, கும்பிட்டாள். கை கொடுக்கவில்லை.

இப்போது புரிகிறதா, ஆல்பம் ஏன் பீரோவில் இருக்கிறது என்று? ஸ்டூடியோக்காரனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "மேடம், நெகட்டிவ்லயே கீது. நான் இன்னா பண்றது? மூஞ்சியை மாத்தணும்னா மறுபடியும் கல்யாணம்தான் பண்ணணும்" என்றுவிட்டான். உன் மாமா இதற்கும் ஒரு வழி சொன்னார். ஃபோட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தை எல்லாம் வெளுப்பாக்கி, வீட்டிலேயே பிரின்ட் போட்டு உனக்கு அனுப்பலாமாம். அன்றைக்கே பிரின்டரைத் துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆகவே தம்பி, இனிமேல் நீ எங்களுக்கு ஏதாவது அனுப்புவதானால் பேரீச்சம்பழம் அனுப்பு, சோப்பு அனுப்பு. தீர்ந்தால் தீர்ந்தது என்று விட்டுவிடக் கூடிய பொருளாக அனுப்பு. மலிவு என்று யார் எந்தச் சந்தில் கூப்பிட்டாலும் இந்த வீட்டு ஆட்கள் இனிமேல் போக மாட்டார்கள், இது என் சத்தியம்.

மாதா உன்னைத் தன் நிழலிலேயே வைத்திருக்கட்டும். உன் மேனேஜருக்கு நல்ல புத்தி வந்து டிசம்பரில் லீவு கொடுக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் பாசமுள்ள அக்கா,
அல்போன்சா

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. செப்டம்பர் மாதா திருவிழாவுக்கு நவநாள் ஜெபத்தாள் அடிக்கிற பொறுப்பை ஃபாதர் பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார், சங்கச் செயலாளர் நான். அச்சகத்தில் விலை கேட்டேன். பகல் கொள்ளை, டெரிக். ஒரிஜினல் மை விலையும் கேட்டேன், அது அதற்கு மேல். நேற்று மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தி.நகர் போய் சந்திரமௌலியைப் பார்த்தேன். இப்போது புதிதாக ஒரு மை வந்திருக்கிறதாம், தண்ணீர் பட்டாலும் அசையாதாம், கல்யாணத்துக்கு வாங்கியது பழைய சரக்காம். செப்டம்பரில் அவ்வளவு வேர்க்கவும் வேர்க்காது. காலி டப்பா கொண்டுவந்தால் அதில் கழித்துக்கொள்கிறேன் என்கிறார், நியாயமான மனிதர். உங்கள் ஆபீசில் காலி டப்பாக்களைக் குப்பையில்தானே போடுவார்கள்? டிசம்பர்வரை காத்திருக்காதே, பொறுக்கிச் சேர்த்து, ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு. பார்சல் என் பேருக்கு வரட்டும். உன் மாமா திருந்திவிட்டதாகக் கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், இந்த நேரத்தில் அவருக்கு ஆசை காட்ட வேண்டாம்.