லாகோஸ் அங்கிள் உடைத்த சிமெண்ட் தரை

விருந்துக்கு வந்து, வீட்டைப் பார்க்காமல் சாக்கடையைப் பார்த்துவிட்டுப் போன ஒரே மனிதர் மெல்பர்னில் லாகோஸ் அங்கிள்தான். யாழ்ப்பாணத்துக்காரர். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் பல வருடம் வடிகால் என்ஜினீயராக இருந்துவிட்டு நோபல் பார்க்கில் குடியேறியவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

அதற்குப் பக்கத்துப் பகுதியான ரோவில்லில் நான் வீடு வாங்கிப் புதுமனை புகுந்த அன்று எல்லோரும் சமையலறையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கிள் பட்டு வேட்டியோடு தெருவோரம் குப்புறப் படுத்து, மழைநீர் வடிகாலுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது கடும் வறட்சி. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து ரோஜாச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

“மழையே இல்லையே அங்கிள்?”

“அதுதான் தம்பி, கான் துப்புரவாக்க நல்ல நேரம்.”

கான் என்றால் அவர் ஊரில் வடிகால்.

ஒரு பிறந்தநாள் விருந்தில் டாக்டர் ஒருவர், “லாகோஸ்ல ஒரே வறுமைதானே?” என்று கேட்டுவிட்டார். அங்கிள் பேப்பர் தட்டில் சோற்றைத் தீவுகளாகப் பிரித்தார்.

“ஆர் சொன்னது? வெள்ளாப்பிலையே எழும்பி யாவாரம் செய்யிற சனம். மாதத்துக்கொரு புதுக் கட்டடம். இந்த வடைதான் கட்டடம். சதுப்பை நிரப்பி வைக்கினம். இப்ப மழை வருது.”

ரசத்தை ஊற்றினார். அது வடையைச் சுற்றிக்கொண்டு போய் டாக்டரின் கால்சட்டையில் இறங்கியது.

“வளர்ச்சி வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. கானும் சேர்ந்து வளரவேணும்.”

நான் சிரித்தேன். அடுத்த மாதமே, கொல்லையில் இருந்த பழைய மண் வாய்க்காலை மூடி, வேலிவரை சிமெண்ட் தரை போட்டேன்.

வேலை தொடங்குமுன்பே விஷயம் கேள்விப்பட்டு, “அதை மூடாதேயும் தம்பி” என்று மூன்று தடவை போன் செய்திருந்தார். மூன்றாவது தடவை நான் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆலங்கட்டியோடு மழை கொட்டியது. என் தரையில் விழுந்த தண்ணீரெல்லாம் வேலிக்கு அடியில் புகுந்து, பக்கத்து வீட்டில் தனியாக இருந்த இத்தாலியப் பாட்டியின் பின்வாசலை நோக்கி ஏறியது. நான் பக்கெட்டோடு முழித்துக்கொண்டிருந்தபோது, மழையைக் கண்டதுமே கிளம்பியவர்போல, மழைக்கோட்டும் கடப்பாரையுமாக அங்கிள் வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் புதுத் தரையை உடைக்க ஆரம்பித்தார். அவர் இடிக்க, நான் அள்ள, பழைய வாய்க்கால் திறந்துகொண்டது. தண்ணீர் தெருப்பக்கம் திரும்பியது. பாட்டியின் வாசற்படியோடு வெள்ளம் நின்றது.

“மன்னியும் தம்பி. கேட்டுப்போட்டு உடைக்க நேரமில்லை.”

“நான்தான் அங்கிள் மன்னிப்புக் கேட்கணும்.”

அவர் நனைந்த மீசையைத் துடைத்தார். “லாகோஸிலை என்ரை வீட்டுக்குப் பக்கத்திலை ஒரு தையல்காரர் இருந்தவர். கிட்ட இருந்த கானை நிரப்பிக் கடைத்தொகுதி கட்டலாமெண்டு எங்கட கந்தோரிலை, அதுதான் ஆபீசிலை, கூட்டம் வைச்சவை. பிழையெண்டு எனக்குத் தெரியும். வாய் திறக்கேல்லை. அடுத்த மழைக்கு அந்தாளின்ரை மெஷினெல்லாம் தண்ணிக்குள்ளை. அதுக்குப் பிறகும் அவர் எனக்குச் சட்டை தைச்சுத் தந்தவர். அதுதான் தாங்கேலாமல் போச்சு.”

நான் டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு கப் குடித்தார்.

பிறகு அவர் சிட்னிக்கு, ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போன வாரம் தரை பூச வந்த ஆள், அந்த உடைந்த இடத்தையும் அடைத்துவிடட்டுமா என்று கேட்டான்.

“வேண்டாம், அது எங்க அங்கிள் வெட்டின கான்” என்றேன்.