பிளஸ்ஸுக்கு ஒரு பொட்டு

"முள்ளு இன்னும் மைனஸ்லதான்யா நிக்கறது!" என்று விமானத்துக்குள்ளிருந்து கத்தினார் திருவேங்கடம்.

வெயிலுமுத்து இன்ஜின் மூடிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். மூக்கின் நுனியில் கிரீஸ் இருந்தது.

"டைனமோவைச் சுத்தம் பண்ணியாச்சு சார். உள்ள கார்பனும் புதுசு போட்டாச்சு. பேட்டரி செத்துக் கெடக்கு, அதான். தாராவியில நம்ம இசக்கிமுத்து கடையில சார்ஜ் ஏத்திக் கொண்டாந்துடுதேன்."

ஜூஹு மைதானத்து ஓரத்தில் இருந்த அந்தப் பறக்கும் கிளப்புக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு குட்டி விமானம். இன்ஜின் ஓடும்போது டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏறினால் மீட்டர் முள் பிளஸ் பக்கம் சாயும். கொஞ்ச நாளாக அது மைனஸ் பக்கமே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. மாட்டுங்காவிலிருந்து தயிர்சாத டப்பாவோடு வருகிற என்ஜினீயர் திருவேங்கடத்துக்கு இதனால் வெறும் தலைவலிதான். தற்காலிக மெக்கானிக் வெயிலுமுத்துவுக்கோ வேலையே ஆட்டம் கண்டிருந்தது.

கிளப் செக்ரட்டரி ஒரு பார்சிக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வந்து நின்று விரலை நீட்டினார்.

"முள் இதர், நௌக்ரி பக்கா. முள் உதர்..." விரல் பிளஸ்ஸிலிருந்து மைனஸ்ஸுக்குப் போய், அங்கிருந்து வாசல் கேட்டுக்குப் போனது. "தும் பி உதர்!"

வேலை பக்காவானால் செம்பூர் காலனியில் வீட்டுக்குள்ளேயே குழாய் உள்ள ஓர் அறை கிடைக்கும். அந்தக் குழாயை நினைத்துத்தான் வெயிலுமுத்து ஆறு மாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தாராவிக் குழாயடியில் அவன் மனைவி பேராச்சி தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தவர்கள் அதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்ஜ் ஏறிய பேட்டரியைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதன் தலையில் இரண்டு ஈயக் கொம்புகள், ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். அடையாளம் தேய்ந்து போனதால் பிளஸ் கொம்பில் அவனே சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை என்றால் பேராச்சியின் கையில் சிக்காத பொருள் வீட்டில் கிடையாது. விளக்கு, குடம், அம்மி என்று எல்லாம் புளி போட்டுத் துலக்கிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். பெண் குழந்தைகள் இரண்டு பேர். வாங்க முடிந்ததோ ஒரு துண்டுப் பிச்சிப்பூ. ஆகவே ஒரு வெள்ளி மூத்தவள் தலைக்கு, மறு வெள்ளி இளையவள் தலைக்கு. பேராச்சியின் கோர்ட்டில் பாரபட்சம் என்ற பேச்சே இல்லை.

"இது என்னங்க, ஒண்ணுக்குப் பொட்டு வச்சிருக்கிய, மத்தது மூளியா நிக்கி?" என்றாள் பேட்டரியைப் பார்த்து.

"அது அப்படித்தான் ட்டி. ஒண்ணுக்குத்தான் பொட்டு. ரெண்டுக்கும் வச்சா ஏரோப்ளேனே எரிஞ்சு போவும்."

பேராச்சி உச்சுக் கொட்டினாள். அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குழாயடியில் குடத்தை வரிசையில் வைக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை மாகிமில் ரயிலேறி, சாந்தாகுரூஸில் இறங்கி, பேட்டரியோடு கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தான். கொம்புகள் இரண்டும் பளபளவென்று மின்னின. இசக்கிமுத்து வேலை என்றால் வேலைதான் என்று மெச்சிக்கொண்டே, பொட்டு வைத்த கொம்பில் சிவப்பு வயரை மாட்டினான். திருவேங்கடம் விளக்கு ஸ்விட்சைத் தட்டினார்.

முள் துள்ளிக்கொண்டு பிளஸ் பக்கம் போனது.

"அரே வாஹ்!" என்று செக்ரட்டரி வெயிலுமுத்துவின் முதுகில் தட்டினார்.

"இன்ஜினே ஓடலையே, சார்ஜ் எங்கேர்ந்துய்யா ஏறும்?" என்று திருவேங்கடம் கேட்டு முடிப்பதற்குள் செக்ரட்டரி உள்ளே கையை விட்டு ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டார். இன்ஜின் உறுமியது. அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம். டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கிற கட்-அவுட் பெட்டியிலிருந்து ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை கிளம்பியது.

திருவேங்கடம் டப்பாவிலிருந்து உப்பை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை அதில் விட்டுப் பார்த்தார். மைனஸ் கம்பியில்தான் குமிழி நிறைய வரும்.

"பொட்டு வெச்ச கொம்புலன்னா குமிழி பொங்கறது! மைனஸ்ஸுக்குப் போய்ப் பொட்டு வெச்சிருக்கியே, கண்ணு எங்கய்யா போச்சு?"

வெயிலுமுத்துவுக்கு அவமானத்தில் காது சுட்டது. பொட்டைச் சுரண்டிவிட்டுச் சரியான கொம்பில் வைத்தான். கட்-அவுட்டைப் பழுது பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, சார்ஜ் ஏறியதும், கடையிலேயே உப்புத் தண்ணீர் சோதனையும் செய்தான்.

"லேய் இசக்கி, நல்லாப் பாத்துக்கோ. பொட்டு எதுல இருக்கு?"

"பிளஸ்ஸுல."

"ஒங்க அம்மை மேல சத்தியமா?"

"எங்க அம்மைய ஏம்லே இதுக்குள்ள இழுக்க? பிளஸ்ஸுலதாம்லே இருக்கு!"

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியவனை, பேட்டரியிலிருந்து தெறித்த ஆசிட் ஒருவர் வேட்டியில் விழுந்ததற்காகக் கண்டக்டர் இறக்கிவிட்டார். பழையபடி ரயில்தான். கிளப்பில் செக்ரட்டரி முன்கூட்டியே விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். வயரை மாட்டியதும் மாட்டாததுமாக ஸ்டார்ட்டரை அமுக்கினார். இந்தத் தடவை டைனமோவே புகைந்தது. அவர் இறங்கி வந்தபோது வெள்ளைக் கால்சட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது.

உப்புத் தண்ணீர் வந்தது. பொட்டு வைத்த கொம்பில்தான் குமிழி பொங்கியது.

"சார், நான் வைக்கையில பிளஸ்ஸு. இங்க வரையில மைனஸ்ஸு. இசக்கிமுத்து அம்மை மேல சத்தியம் சார்!" வெயிலுமுத்து அழுதுவிடுவான் போலிருந்தது.

திருவேங்கடம் வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

"பேட்டரியை எதுலய்யா கொண்டு வர?"

"ரயில்ல சார்."

"ரயிலுக்கு மேல என்ன போறது?"

"காக்கா சார்."

"கரண்ட் போறதுய்யா! மேல கம்பியில டி.சி. கரண்ட்! அதோட காந்தத்துல மாட்டிண்டு உன் பேட்டரி வழியிலேயே தலைகீழாப் புரண்டுடறது. பிளஸ் மைனஸாறது, மைனஸ் பிளஸ்ஸாறது!"

கண்டுபிடித்ததுமே அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ரயில், கம்பி, பேட்டரி எல்லாம் வரைந்தார். தயிர்சாதம் அப்படியே கிடந்து புளித்தது. செக்ரட்டரி மட்டும் படத்தை மிதித்துக்கொண்டு வந்து, அடுத்த சனிக்கிழமையும் புகை வந்தால் கேட்டுதான் என்று விரலால் காட்டிவிட்டுப் போனார்.

அன்று வெயிலுமுத்து வீடு திரும்பும்போது பேராச்சி குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. யாரோடோ இழுபறியில் வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியிருந்தது. "ஒண்ணுமில்ல" என்று முந்தானையால் மூடிக்கொண்டாள். அவன் குடத்தை வாங்கிக்கொண்டான். இவளுக்காகவாவது அந்த முள்ளைத் திருப்பிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தத் தவிப்பில்தான் யோசனை பிறந்தது. திங்கட்கிழமை ஓடிப் போய்த் திருவேங்கடத்திடம் சொன்னான்.

"மாறுதது மாறட்டும் சார். மாறும்னு தெரிஞ்சே மைனஸ்ஸுல பொட்டு வச்சிருவோம். இங்க வரையில அது பிளஸ்ஸாயிரும்லா!"

திருவேங்கடம் அவனைக் கட்டிப் பிடிக்காத குறை. புகைந்த டைனமோவுக்கு இரண்டு பேருமாக அந்த வாரமே புதுச் சுருள் சுற்றி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை இசக்கிமுத்துவின் கடையில், குமிழி பொங்குகிற மைனஸ் கொம்பைப் பார்த்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அதில் பொட்டு வைத்தான். "லேய், ஒனக்குக் கிறுக்கு முத்திப் போச்சு" என்றான் இசக்கிமுத்து. வழக்கம்போல பேட்டரி வீட்டில் ஓர் இரவு தங்கியது. காலையில் வழக்கம்போல ரயிலேறியது.

கிளப்பில் எல்லோரும் பேட்டரியைச் சுற்றிக் கூடினார்கள். டம்ளரில் கம்பிகளை விட்டார் திருவேங்கடம். குமிழி பொட்டில்லாத கொம்பில் பொங்கியது!

"மாறிடுத்துய்யா! பொட்டு பிளஸ்ஸுக்கு வந்துடுத்து!" என்று அந்த வயதிலும் ஒரு குதி குதித்தார்.

சிவப்பு வயரைப் பொட்டு வைத்த கொம்பில் மாட்டினார்கள். இன்ஜின் ஓடியது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. முள் மெதுவாக எழுந்து, நடுவில் சற்றுத் தயங்கி, பிளஸ் பக்கம் போய் நின்றது. வெயிலுமுத்து விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி தம் மனைவியோடு பூனா வரைக்கும் பறந்துவிட்டு வந்தார். இனிமேல் பேட்டரி ரயிலேறவே கூடாது என்று சொல்லிக் கிளப்புக்கே ஒரு சார்ஜர் வாங்கினார். திருவேங்கடம் 'மின்சார ரயிலில் பேட்டரியின் திசைமாற்றம்' என்று தலைப்புப் போட்டு டில்லிக்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். வெயிலுமுத்துவின் பெயரும் அதில் வருமாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை பக்கா என்கிற கடிதத்தைச் சட்டைப் பையிலும், ஒரு பொட்டலம் அல்வாவைக் கையிலும் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் நுழைந்தான். அன்று பூ இளையவள் தலையில் இருந்தது.

"பேராச்சி, செம்பூருக்குப் போறோம் ட்டி! வீட்டுக்குள்ளயே குழாய்! எல்லாம் ஒன் புருசன் மூளை!"

பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் தோளைப் பார்த்தாள், வாசலை எட்டிப் பார்த்தாள். கையில் புளியும் சிவப்புச் சாந்துக் குப்பியும் தயாராக இருந்தன.

"அந்தப் பெட்டிய எங்கங்க? ஒண்ணுக்குத்தான் பொட்டுன்னு நீங்க சொன்னதுக்காவ, வாராவாரம் பொட்டோட வாறதைத் துலக்கிட்டு, மூளியா நிக்கதுக்கு நான்தானே மாத்தி வச்சு அனுப்புதேன்! ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையல்லா!"